யோசனை சாரின் பாடப்புத்தகம்

கல்லூரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "புள்ளியியல் சாரா? தங்கமான மனுஷனாச்சே" என்பார்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாசலில் நிற்கும் காவலாளியிடம்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவார். இப்படிப்பட்டவரை நான் கரித்துக்கொட்டினால் எனக்குத்தான் வாய் நீளம் என்று பெயர் வரும். வரட்டும். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் யோசனை சார். ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்தது. முதலில் ஓரத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. அப்புறம் முன்னால் போகிற லாரி தெரியவில்லை. அவரே மேனேஜரிடம் போய், "யாரையாவது இடிச்சிட்டு இறங்குறதவிட இப்பவே இறங்கிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கினார். சில மாதங்களில் முழுவதுமாக இருட்டு. டிப்போவில் விசாரணை ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் தற்காலிக வேலைதான்.

டிப்போ மேனேஜர் கொஞ்சம் கறார் பேர்வழி, ஆனால் இவர்மேல் பிரியம் உள்ளவர். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"நேர அட்டவணைப் பிரிவுல ஒரு நாற்காலி காலியாகப் போகுதுய்யா. நிரந்தர வேலை. எந்த ரூட்ல எவ்வளவு கூட்டம், எத்தனை வண்டி விடணும்னு கணக்குப் போடுற இடம். ஆனா போக்குவரத்துப் பட்டயப் படிப்பு இல்லாம மேலிடம் ஒத்துக்காது. படிச்சு முடி, அதுவரைக்கும் நாற்காலிய நான் பிடிச்சு வைக்கிறேன்."

அப்படித்தான் நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் எல்லாம் மீசை அரும்புகிற பிள்ளைகள். இவரை டிரைவர் அண்ணா என்று கூப்பிடுவார்கள். "வகுப்புல எல்லாருக்கும் முன்னால தூங்குறது யாருன்னு யாருக்கும் தெரியாது, நான்தான் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கேனே" என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். கண் போனதற்கு நான்தான் அழுது தீர்த்தேன். அவர் ஒருநாள்கூட, கண் இல்லாததால் இது முடியாது, அது முடியாது என்று சொன்னது கிடையாது. சாம்பார் பொடி டப்பாவையும் சோப்புப் பொடி டப்பாவையும் மாற்றி எடுத்த அன்றுகூட, "ரெண்டையும் ஒரே மாதிரி டப்பாவுல வெச்சது யாரு?" என்று என்மேல்தான் பாய்ந்தார்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒலிநூல் அறை என்று ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. ஒரு ஸ்கேனர், இரண்டு கம்ப்யூட்டர், தாள் வெட்டும் பெரிய மெஷின் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே அறை முழுக்கத் தேடுகிற ரகம். புத்தகத்தின் முதுகை மெஷினில் கொடுத்து வெட்டுவார். தாள் தாளாக ஸ்கேன் பண்ணுவார். கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாகப் புரிந்துகொண்டதை வரி வரியாகத் திருத்துவார். அப்புறம்தான் அதைக் கம்ப்யூட்டர் குரல் வாசிக்கும், என் வீட்டுக்காரர் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்.

வெறும் எழுத்து மட்டும் உள்ள புத்தகம் என்றால் விறுவிறுவென்று முடிந்துவிடும். புள்ளியியல் புத்தகம் அப்படியில்லை, பிராணனை வாங்கும். அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்த வரிசை, எந்தப் பத்தி என்று குரல் சொல்கிற மாதிரி அமைக்க வேண்டும். வரைபடங்களை விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி தடித்த தாளில் கோடு புடைத்து நிற்கும்படி எடுக்க வேண்டும்.

"எனக்குப் புத்தகத்தோட பேரு தெரிஞ்சா போதும்மா. லீவு முழுக்க உக்காந்து முடிச்சுக் குடுத்துடுவேன். பேரே தெரியலன்னா நான் எதை வெட்டுறது?" என்றார் அந்த அம்மா.

மற்ற ஆசிரியர்கள் லீவுக்கு முன்பே பேரைச் சொல்லிவிடுவார்கள். வகுப்பு தொடங்கும் நாளில் மற்றப் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கும், இவர் காதில் புத்தகம் இருக்கும். முதல் வருடம் எல்லாப் பாடத்திலும் தேறினார். ஒரு பாடத்தில் வகுப்பிலேயே முதல். அன்றைக்கு அவர் அடித்த அலட்டல் தாங்க முடியவில்லை. "இனிமே என்னை மரியாதையா கூப்பிடு" என்றார். "டீ ஆறுது, குடிங்க துரை" என்றேன்.

கடைசி வருடம் மிச்சம் இருந்த பெரிய பாடம் புள்ளியியல். வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவார்கள். நடத்துகிறவர் நம் தங்கமானவர். லீவு விட்டார்கள். புத்தகத்தின் பேரைக் காணோம். ஒலிநூல் அறை அம்மா கேட்டுப் பார்த்து அலுத்துப்போய் என்னிடம் சொன்னார். நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாருக்கு ஃபோன் போட்டேன்.

"அடடே, சொல்லுங்கம்மா, டிரைவர் எப்படி இருக்காரு?" என்று அன்பாக விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு புத்தகம் மேசை மேல வெச்சிருக்கேன்மா. ஒவ்வொண்ணுலயும் ஒரு நல்லது இருக்கு. பிள்ளைங்களுக்குப் பொருத்தமானதாப் பார்த்துத் தரணும் இல்லையா? கொஞ்சம் யோசிக்கிறேன்."

"சார், இவருக்குப் புத்தகம் தயார் பண்ண ரெண்டு மாசம் பிடிக்கும். அதனாலதான் அவசரப்படுத்துறேன்."

"புரியுதும்மா, புரியுது. நல்லா புரியுது."

மறுவாரம் கூப்பிட்டேன். யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரமும் கூப்பிட்டேன். வெளியூர் போய்விட்டார், அங்கேயும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். சலவை மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் நான் காட்டுக் கத்தலாகக் கத்தி, அவர் தேன் ஒழுகப் பதில் சொல்லி, இப்படியே லீவில் பாதி போயிற்று. என் சூப்பர்வைசர், "யாரும்மா அது, தினமும் கெஞ்சுற, கடன்காரனா?" என்று கேட்டுவிட்டாள். கடைசியில் ஒருநாள் சார் சொன்னார்.

"போன வருஷம் நடத்துனதையே வெச்சுக்கலாம்னு தோணுதும்மா."

"தோணுதா, இல்ல முடிவே பண்ணிட்டீங்களா சார்?"

"முடிவுன்னே வெச்சுக்குங்களேன்."

வைத்துக்கொண்டேன். அன்று மாலையே ஒலிநூல் அறை அம்மாவிடம் சொன்னேன். அவர் அன்றே புத்தகத்தை வெட்டிப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பு தொடங்குவதற்குள் முக்கால்வாசி முடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் முதல் இரண்டு பாடத்தைக் கேட்டு முடித்து, சமையலறையில் என் பின்னாலேயே வந்து சராசரி என்றால் என்ன, இடைநிலை என்றால் என்ன என்று பாடம் எடுத்தார். எனக்குக் காதில் ஏறவில்லை. ஆனால் மனது நிறைந்திருந்தது.

முதல் வகுப்பில் சார் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னாராம், "உங்களுக்கெல்லாம் ஒரு நல்ல செய்தி. போன வாரம்தான் ஒரு புதுப் புத்தகம் கிடைச்சுது. படிச்சதும் அசந்துட்டேன். இந்த வருஷம் இதைத்தான் நடத்தப் போறேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "சார், பழைய புத்தகம்னு சொன்னீங்களே" என்றிருக்கிறார்.

"ஆமாம்ல, சொன்னேன். இது அதைவிட நல்லா இருக்கு டிரைவர்! உங்களுக்கும் பிடிக்கும் பாருங்க."

கடையில் அந்தப் புத்தகம் இல்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வரவழைத்திருப்போம் என்றார்கள் கடைக்காரர்கள். பிள்ளைகள் சாரிடம் இருந்த ஒரே புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஒரு வாரத் தலைவலி. கண் இருக்கிறவர்களுக்குப் படம் போதும். கடைக்குப் புத்தகம் வந்து, அதில் ஒன்று ஒலிநூல் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பில் மூன்றாவது பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா முக்கால்வாசி முடித்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும், "பைத்தியம் பிடிக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் ஒரு பாடம் முடித்துக் கொடுப்பதற்குள் வகுப்பு இரண்டு பாடம் தாண்டிப் போய்விடும். கிளம்பிப் போன பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற கதைதான். "நான் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினப்புறம் எந்த ரூட்ல போகலாம்னு யோசிச்சிருந்தா எத்தனை பேரு கல்லால அடிச்சிருப்பாங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அதையும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடைவெளியை நான் அடைக்கப் பார்த்தேன். வேலை முடிந்து வந்து, வகுப்புப் பிள்ளைகள் ஃபோனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வாசித்துக் காட்டுவேன். எனக்கு அந்தக் குறிகளின் பேர்கூடத் தெரியாது. "தொப்பி போட்ட எக்ஸ்" என்பேன். "காதுல கடுக்கன் மாதிரி ஒண்ணு தொங்குதுங்க" என்பேன். அவர் யோசித்து, இதுவாக இருக்கும், அதுவாக இருக்கும் என்று பிடித்துக்கொள்வார். அட்டவணை வந்தால் இரண்டு பேரும் தொலைந்தோம். வரிசையை வாசிக்கவா, பத்தியை வாசிக்கவா என்பதிலேயே சண்டை வந்துவிடும். அப்படியும் வகுப்புத் தேர்வுகளில் தட்டுத்தடுமாறிக் கரையேறிக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் சார் இன்னொரு நல்ல காரியம் செய்தார். இறுதித் தேர்வில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அறிவித்தார். "மனப்பாடம் பண்ணி என்ன ஆகப் போகுது? புரிஞ்சுக்கிட்டா போதும். அட்டவணையெல்லாம் புத்தகத்தோட கடைசியில இருக்கு, பார்த்துக்குங்க." பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் பண்ணினார்களாம். வகுப்பு முடிந்ததும் என் வீட்டுக்காரர் அவரிடம் போனார்.

"சார், எனக்குப் புத்தகம் இன்னும் பாதிதான் வந்திருக்கு. கடைசி அட்டவணை கடைசியாத்தான் வரும்."

"அடடா! கீழ ஒலிநூல் அறையில சொல்லி சீக்கிரம் பண்ணச் சொல்லுங்களேன். இல்லேன்னா உங்க வீட்டம்மாவைப் பக்கத்துல உட்கார வெச்சு வாசிக்கச் சொல்லலாம்."

வீட்டு ஆட்கள் கூடாது என்று தேர்வு அலுவலகம் சொல்லிவிட்டது. வாசிக்கவும், இவர் சொல்வதை எழுதவும் அவர்களாக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பாவம், சின்னப் பெண், இலக்கியம் படிக்கிறவள். அட்டவணையை இடமிருந்து வலமாக மூச்சுவிடாமல் பாட்டுப் போல வாசித்திருக்கிறாள். இவருக்கு வேண்டியது நடுவில் எங்கோ இருக்கும் ஒரே ஒரு எண். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. மற்றவர்கள் புரட்டுகிற சத்தம் மட்டும் அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததாம். கணக்குப் போடும் முறையெல்லாம் சரியாக எழுதிவிட்டு, விடை எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் காலியாக விட்டுவிட்டு வந்தார்.

கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. அந்தக் கடைசி அட்டவணை தேர்வு முடிந்த மறுநாள் வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த ஒலிநூல் அறை அம்மா, என்னைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

டிப்போ மேனேஜரிடம் போய் நின்றோம். அவர் தலையைச் சொறிந்தார்.

"நாற்காலிய இன்னும் எத்தனை நாள்யா பிடிச்சு வைக்கிறது? மேலிடத்துல நெருக்குறாங்க. சரி, காரணம் என்னன்னு கல்லூரியிலேருந்து ஒருத்தர் எனக்குச் சொல்லட்டும். நியாயமான காரணம்னா இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பார்க்கிறேன். நீ சொன்னா சாக்குன்னு சொல்லுவாங்க."

காரணம்தான் கையும் காலுமாகக் கல்லூரியில் நடமாடிக்கொண்டிருக்கிறதே. மறுநாள் சாரின் அறைக்குப் போனோம். மேசை மேல் நான்கைந்து புதுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "எனக்கே மனசு ஆறல டிரைவர்" என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நடிப்பாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் பணிவாகச் சொன்னார். "புத்தகம் நேரத்துக்கு வரல, அதனாலதான்னு ஒரு வார்த்தை மேனேஜர்கிட்ட சொன்னீங்கன்னா போதும் சார்."

"இப்பவே பேசுறேன். நம்பரைக் குடுங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இந்த ஒரு தடவையாவது யோசிக்காமல் செய்கிறாரே என்று நினைத்தேன். அவர் ஃபோனைக் காதில் வைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார்.

"வணக்கம் சார். உங்க டிரைவர் விஷயமா பேசுறேன். ரொம்ப ஆர்வமான மனுஷன் சார். என் அனுபவத்துல இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல. ஆனா என்ன பண்றது, அட்டவணை, வரைபடம் எல்லாம் கண்ணால பார்த்துப் பண்ண வேண்டிய பாடம். கண்ணு தெரியாதவருக்கு இந்தப் பாடம் கொஞ்சம் அதிகம்தான். பாவம், அவரால ஆனமட்டும் பாடுபட்டாரு. நீங்கதான் கொஞ்சம் இரக்கம் காட்டணும்."

மேனேஜருக்கு எப்போதும் பெரிய குரல். ஃபோனைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"அப்படிங்களா சார்? எங்க பிரிவுல வேலையே அட்டவணை பார்க்கிறதுதானே. நல்லவேளை, நாற்காலியக் குடுக்கிறதுக்கு முன்னாடி சொன்னீங்க. ரொம்ப நன்றி."

சார் ஃபோனை வைத்துவிட்டு, "நல்லபடியா சொல்லியிருக்கேன். நன்றின்னாரு" என்றார்.

மேசையில் இருந்த புத்தகங்களைத் தூக்கி அவர் தலையில் போட்டால் என்ன என்று தோன்றியது.

"சார், இவருக்குக் கண்ணு போயி நாலு வருஷமாச்சு. மத்தப் பாடமெல்லாம் இதே கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் பாஸ் பண்ணுனாரு. ஒண்ணுல வகுப்புக்கே முதல். ஃபெயிலானது உங்க பாடத்துல மட்டும்தான். நீங்க பேசுனதுல புத்தகம்ங்கிற வார்த்தை எங்க வந்துச்சு?"

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "புத்தகம் எல்லாருக்கும்தானே தாமதமாச்சும்மா? மத்தப் பிள்ளைங்க சமாளிச்சாங்களே. இவருக்குத் தயார் பண்ண இவ்வளவு நாளாகும்னு நீங்க முன்கூட்டியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சலவை மெஷின் சத்தத்தில் நான் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. அன்பாகக் கேட்டுக்கொண்டு, அன்பாகவே மறந்திருக்கிறார்.

"மறுபடியும் ஃபோன் போடுங்க. புத்தகத்தை மாத்துனது நான், சொல்லாம விட்டதும் நான்னு சொல்லுங்க."

"இப்பத்தானே பேசுனேன், உடனே மாத்திச் சொன்னா அவர் என்ன நினைப்பாரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "வா, போகலாம். சார், வர்றோம்." அவ்வளவுதான் சொன்னார். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். அந்த மாதமே நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

சில வாரம் கழித்து ஒலிநூல் அறை அம்மா ஃபோன் பண்ணினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, புத்தகம் முழுசும் முடிச்சு வெச்சிருக்கேன். ஒவ்வொரு அட்டவணையும் நானே காதுல கேட்டுச் சரிபார்த்துட்டேன். அடுத்த வருஷமும் இதே புத்தகம்தான்னு கல்லூரி முதல்வர்கிட்டயே உத்தரவு வாங்கியாச்சு, இனிமே யாரும் மாத்த முடியாது. அந்த டிப்போ இல்லேன்னா இன்னொரு டிப்போ. பேரைப் பதிஞ்சுக்குங்க. நீங்க சுளுவா பாஸ் பண்ணிடுவீங்க."

எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பேனாவைத் தேடினேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? கண்ணு தெரியாதவனுக்கு அந்தப் பாடம் கொஞ்சம் அதிகம்தான்."